ஸ்கான் துண்டில் ஓர் இலக்கம்



இந்தப் பக்கத்துக்கு வருகின்ற கடிதங்கள் அநேகமாகக் கேள்வியோடு மட்டும் வரும். சென்ற மாதம் வந்த ஒரு கடிதத்துக்குள் ஒரு துண்டும் இருந்தது. வைத்தியசாலையில் கொடுத்த ஸ்கான் துண்டின் போட்டோக் கொப்பி. அதில் ஓர் இலக்கத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் இரண்டு தரம் வட்டம் போட்டிருந்தார் அந்தச் சகோதரி. வலது சிறுநீரகம், நீளம் 12.9 செ.மீ.

"அக்கா, பக்கத்து வீட்டுத் தம்பி போனில பாத்துச் சொன்னவன், 9 இலயிருந்து 12 வரைக்கும்தான் சரியாம். எனக்கு இருக்கிறது ஒண்டுதான். அதுவும் வீங்கிப் பழுதாப் போச்செண்டால் என்ர பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்று எழுதியிருந்தார்.

அவரது சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். 2009 இல் அவருக்கு வயது 15. செல் துண்டு பட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, அதன்பிறகு நடந்த சத்திரசிகிச்சையில் இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். அப்போது கொடுத்த அட்டை முகாமில் மழைக்கு நனைந்து கூழாகிப் போனது. இன்று அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். கணவர் கூட இல்லை. அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு விளங்கும்.

கடிதத்தின் அடியில் தொலைபேசி இலக்கம் இருந்தது. எடுத்துக் கதைத்தேன்.

இரவு பத்து மணிபோலக் காய்ச்சலும் விலாப்பக்க நோவும் சலக்கடுப்பும் வந்து, ஓட்டோவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார். இளம் டொக்டர் ஒருவர் மெசினைக் கட்டிலடிக்கே உருட்டி வந்து இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார். சலத்தையும் பரிசோதித்துக் குளிசையும் கொடுத்து, "இரண்டு கிழமையால வந்து முழு ஸ்கான் எடுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். துண்டில் இன்னொரு வரியும் இருந்தது. 'இடது சிறுநீரகம் தெரியவில்லை.'

"இடது பக்கம் எடுத்தது எண்டு அவருக்குச் சொன்னனீங்களே?"

"அவர் கேக்கேல்லை அக்கா. நானும் சொல்லேல்லை. தழும்பு தெரியும்தானே எண்டு நினைச்சன்."

இரண்டு கிழமை கழிந்து போகவும் இல்லை. என்ன சொல்வார்களோ என்ற பயம் பாதி, ஒரு நாள் கூலி போகும் என்ற கவலை மீதி. விலா நோவுக்குக் கடையில் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. துண்டில் இருந்த 12.9 இற்கு நான் பயப்படவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இம்முறைப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

நான் டொக்டர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக நின்றவள். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஸ்கான் என்றால் நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கதிரியக்கப் பிரிவின் இருட்டறை வாசலில் வரிசையில் விடுவோம். பிறகு மெசின் சிறுத்துச் சிறுத்துக் கட்டிலடிக்கே வந்துவிட்டது. இப்போது கைத்தொலைபேசியோடு பொருத்திப் பார்க்கிற அளவுக்கும் வந்திருக்கிறது.

இதன் பூர்வீகம் எங்களுக்கு நெருக்கமானதுதான். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற பெண்நோயியல் வைத்தியர் இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானப்படையில் வேலைசெய்து, ரேடார், சோனார் போன்ற யுத்தக் கருவிகளைப் பற்றி அறிந்தவர். கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் கப்பலைக் கண்டுபிடிக்கலாம் என்றால் வயிற்றுக்குள்ளும் பார்க்கலாமே என்று, இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தொழிற்சாலையில் வைத்திருந்த கருவியைக் கொண்டு தொடங்கினார். 1958 இல் லான்செற் சஞ்சிகையில் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு வழி திறந்தது. வயிற்றுப் புற்றுநோய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அது சூலகத்தில் வந்த பெரிய நீர்க்கட்டி என்று இந்த எதிரொலி காட்டியது. கட்டியை வெட்டி எடுத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

இனி அளவுக்கு வருவோம். கட்டிலடி ஸ்கானும், நாள் குறித்து எடுக்கும் முழு ஸ்கானும் ஒன்றல்ல. கட்டிலடி ஸ்கான் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறது. விபத்தில் வந்தவருக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா? சலம் போக வழி அடைபட்டிருக்கிறதா? இருதயத்தைச் சுற்றி நீர் நிற்கிறதா? 'ஓம்' அல்லது 'இல்லை' தெரிந்தால் அடுத்த வேலையைத் தொடங்கலாம். அந்தச் சகோதரிக்கு அன்றிரவு டொக்டர் தேடியதும் அடைப்பைத்தான். அடைப்பு இல்லை என்று துண்டிலேயே எழுதியிருந்தார். வட்டம் போட வேண்டியிருந்த வரி அதுதான். ஆனால் எங்கள் கண் எப்போதும் இலக்கத்தில் போய்த்தான் விழும்.

அந்த '9 இலிருந்து 12 செ.மீ.' எங்கிருந்து வந்தது? சுகதேகிகளான பலரைப் படுக்கவைத்து அளந்து, அந்த அளவுகளை வரிசைப்படுத்தி, பெரும்பாலும் இரண்டு ஓரத்திலும் உள்ள கொஞ்சப் பேரை விட்டுவிட்டு நடுவில் நிற்பவர்களின் அளவை 'வழமை' என்று எடுக்கிறார்கள். பொதுவாக நூற்றுக்கு 95 பேர் உள்ளே வரும்படி கோடு கீறுவார்கள். அப்படியென்றால் ஒரு வருத்தமும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் கோட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர். கோடு அப்படிக் கீறப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்களில் அநேகருக்குத் தையல் தெரியும். (தெரியாமல் எப்படி? எங்களுக்கு வந்த திட்டங்களில் பாதி தையல் மெசினோடுதானே வந்தது.) கடையில் 'மீடியம்' என்று விற்கிற சட்டையை யாருடைய உடம்பை அளந்து வெட்டினார்கள்? உங்களுடையதை அல்ல. தோள் சரிவந்தால் கை நீளும், கை சரிவந்தால் இடுப்புப் பிடிக்கும். சிறுநீரகமும் ஆளின் உயரத்தோடு போகிறது. உயர்ந்தவருக்கு நீளம், குள்ளமானவருக்குக் கட்டை. வலதைவிட இடது கொஞ்சம் நீளமாக இருப்பதும் வழமைதான். புத்தகங்களில் இருக்கிற பல அளவுகள் மேல்நாட்டவரின் உடம்பை அளந்து எடுத்தவை. அவை எங்களுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்த 9 முதல் 12 வரையான கணக்கு இரண்டு சிறுநீரகமும் உள்ளவர்களுடையது. ஒன்று போய்விட்டால் மற்றது சும்மா இருப்பதில்லை. இரண்டு பேர் இழுத்த வண்டியை ஒருவர் இழுக்கத் தொடங்கியதும் தோள் முறுக்கேறுவது போல, எஞ்சியது வேலையை ஏற்றுக்கொண்டு பருத்து நீளும். வளருகிற வயதில் இழந்தவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக நடக்கும். 15 வயதில் ஒன்றை இழந்த ஒரு பெண்ணின் மற்றச் சிறுநீரகம் 12.9 செ.மீ. என்றால், அது தன் பாட்டையும் பார்த்துத் துணையின் பாட்டையும் பார்த்த அடையாளமாக இருப்பதற்கே இடம் கூட. 'ஒண்டுதான் இருக்கு' என்பதை அன்றிரவு டொக்டர் அறிந்திருந்தால், துண்டில் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் இரண்டு சொல் கூடவே எழுதியிருப்பார். அவர் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அன்றைக்கு அந்த வாட்டில் எத்தனை பேர் அவருக்காகக் காத்திருந்தார்களோ, அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் கடைக் குளிசை வேறு விடயம். டைக்குளோபினக், இபுபுரோபன் போன்ற நோக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. இரண்டு உள்ளவர்களே கவனமாக எடுக்க வேண்டியவை. ஒன்றோடு வாழ்பவர் டொக்டரைக் கேளாமல் தொடவே கூடாது. அதைத் தொலைபேசியிலேயே சொல்லி நிறுத்தச் செய்தேன். பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். பிள்ளை பிறந்த பிறகு பார்க்கவில்லையாம்.

அளவு பிழைப்பதற்கு இன்னொரு காரணம் கை. முருங்கைக்காயை நேரே குறுக்காக வெட்டினால் வட்டமாக இருக்கும். சரித்து வெட்டினால் நீள்வட்டமாகி, அகலம் கூடியது போலக் காட்டும். வயிற்றுக்குள் முள்ளந்தண்டோடு இறங்குகிற பெருநாடி அப்படித்தான். அதன் குறுக்களவு 3 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். பெண்களுக்கு 2 செ.மீ.க்குக் கிட்டவே இருக்கும். மூன்றும் அதற்கு மேலும் என்றால் வீக்கம் என்று கவனிப்பார்கள். கருவியைச் சரித்துப் பிடித்து அளந்தால் இல்லாத வீக்கம் வந்துவிடும். சிறுநீரகத்துக்கு இது மறுவளமாக நடக்கும். நீளப்பாட்டுக்குச் சரியாக வெட்டுப்படாவிட்டால் கட்டையாகக் காட்டும். இரண்டு பேர் ஒரே உறுப்பை அளந்து சில மில்லிமீற்றர் வித்தியாசமாக எழுதுவது தினமும் நடக்கிற காரியம். யாரும் பொய் எழுதுவதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்க மாட்டீர்கள் என்றால். மூன்று வருடத்துக்கு முன் எனக்கு மேல்வயிற்றில் நோ வந்தது. ஸ்கான் பார்த்த டொக்டர் பித்தக்குழாய் 8 மி.மீ. என்று எழுதினார். எனக்குத் தெரிந்த கணக்கு 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது. எத்தனை பேருக்குப் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கைக் கேட்டிருக்கிறேன்! குழாய் பெருத்தால் உள்ளே கல், அல்லது அதைவிடக் கூடாத ஒன்று. வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் சொல்லாமல் விளக்கைப் போட்டுக்கொண்டு இருந்தேன். விடியும்வரை நித்திரை இல்லை. காலையில் பெரிய டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு முதல் கேட்டது, "சிஸ்ரர், உங்களுக்குப் பித்தப்பை எடுத்ததல்லோ?" எடுத்துப் பதினொரு வருடம். பித்தப்பையை எடுத்தவர்களுக்கு அந்தக் குழாய் 10 மி.மீ. வரை விரிந்து நிற்பது வழமை. அறுபது வயதைக் கடந்தால் பத்து வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும் இடமுண்டு. எனக்கு இருந்தது வெறும் வாயு. முப்பது வருடத் தாதி, எடுத்ததைச் சொல்ல மறந்து ஒரு இரவு முழுக்க மரண பயத்தில் கிடந்தேன். அதனால் அந்தச் சகோதரியை 'ஏன் சொல்லவில்லை' என்று ஏச எனக்கு வாய் வரவில்லை.

பித்தப்பை உள்ளவர்களுக்கும் ஒன்று. அதன் சுவர் 3 மி.மீ.க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஆனால் சாப்பிட்ட கையோடு பார்த்தால் பை சுருங்கிச் சுவர் தடித்ததுபோலத் தெரியும். அவசரத்துக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு வரச் சொல்ல முடியாதே. ஆகவே கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், பால் தேத்தண்ணி குடித்தீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சில பரிசோதனைகளில் இலக்கமே இல்லை. கால் ஒன்று மட்டும் வீங்கி நொந்தால் தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கருவியை வைத்து அழுத்துவார்கள். நல்ல நாளம் அழுத்தத்தில் முழுதாக நசிந்து மறையும். உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் நசியாது. சில பரிசோதனைகளில் இலக்கமும் வேண்டும், அசைவும் வேண்டும். "மூக்கை ஒருக்கா உறிஞ்சுங்கோ" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பார்ப்பார்கள். இதென்ன விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம் 2.1 செ.மீ.க்கு மேற்படாமல் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் அங்கே அழுத்தம் கூடவில்லை என்று கொள்வார்கள். தலையில் அடிபட்டவருக்கு மூடிய இமையின் மேல் ஜெல் பூசி, கண்விழிக்குப் பின்னால் 3 மி.மீ. தள்ளிப் பார்வை நரம்பின் உறையை அளப்பதும் உண்டு. வளர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய 5 மி.மீ.க்குள் இருக்கும். கூடினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறதோ என்று சந்தேகப்படுவார்கள். இவை டொக்டர்மாரின் கணக்கு, நாங்கள் மனனம் செய்யத் தேவையில்லை. எதற்காகச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும் என்றுதான் எழுதினேன்.

ஆனால் ஓர் இலக்கத்தைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அது பிள்ளைத்தாய்ச்சிகளுக்குரியது.

மாதவிடாய் தள்ளிப்போய், கொஞ்சம் இரத்தமும் அடிவயிற்று நோவுமாக வருகிற பெண்ணுக்குக் கட்டிலடியில் ஸ்கான் பார்ப்பார்கள். உள்வழியாகச் செய்யும் ஸ்கானில் ஏறக்குறைய ஐந்தாம் கிழமையில் கருப்பை தெரியும். கருப்பைக்குள் கருவைச் சுற்றி இருக்கிற நீர்ப்பையைத்தான் சொல்கிறேன். ஆறாம் கிழமையளவில் இருதயத் துடிப்பு தெரியும். வயிற்றுக்கு மேலால் பார்த்தால் இன்னும் பிந்தும். கிழமை என்பது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. எங்களில் எத்தனை பேருக்கு அந்த நாள் ஒழுங்காக வருகிறது? எத்தனை பேர் நாளைக் குறித்து வைக்கிறோம்? பத்து நாள் கணக்குப் பிசகினால், துடிக்க வேண்டிய இருதயம் துடிக்கவில்லை என்ற முடிவு வந்துவிடலாம். உண்மையில் துடிக்கும் நாளே வந்திருக்காது.

இதற்காகத்தான் கருவின் நீளத்தில் ஒரு கோடு கீறினார்கள். முன்பு அமெரிக்காவில் கரு 5 மி.மீ. நீளம் வந்தும் துடிப்பு இல்லையென்றால், அல்லது நீர்ப்பை 16 மி.மீ. வந்தும் உள்ளே கரு இல்லையென்றால், கர்ப்பம் கலைந்துவிட்டது என்று முடிவு சொன்னார்கள். பிரித்தானியாவில் கோடு கொஞ்சம் தள்ளி இருந்தது. 2011 இல் வெளிவந்த ஆய்வுகள் இந்தக் கோடுகள் போதிய பாதுகாப்பானவை அல்ல என்று காட்டின. அந்த அளவுக்கு வந்தும் துடிப்புத் தெரியாத கருக்களில் சில, பின்னர் துடித்தன. அளக்கிற கையின் மில்லிமீற்றர் வித்தியாசமும் அதோடு சேரும். அதே வருடம் பிரித்தானியாவில் கோட்டை மாற்றினார்கள். 2013 இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் அமெரிக்க நிபுணர்களும் புதிய கோட்டை வெளியிட்டார்கள். உள்வழி ஸ்கானில் கரு 7 மி.மீ., அல்லது கரு இல்லாத நீர்ப்பை 25 மி.மீ. அதற்குக் குறைவாக இருந்தால் முடிவு சொல்லக் கூடாது, காத்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும்.

5 இற்கும் 7 இற்கும் இடையில் எவ்வளவு? இரண்டு மில்லிமீற்றர். ஊசியின் காதளவு. அந்த இடைவெளிக்குள் எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் தவறிப்போயினவோ. பெற்ற பிள்ளையை யுத்தத்தில் பறிகொடுத்துவிட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து மறுபடி வயிற்றில் சுமந்த தாய்மார் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். நோவும் இரத்தமும் கட்டுக்குள் இருந்து, கரு சிறிதாக இருக்கும்போது 'துடிப்பு இல்லை' என்று யாராவது சொன்னால், "டொக்டர், எத்தனை மில்லிமீற்றர்? ஒரு கிழமை கழித்துத் திரும்பப் பாப்பமே?" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவு அல்ல. குறைந்தது ஒரு கிழமை விட்டுத் திரும்பப் பார்ப்பது அவர்களுடைய புத்தகத்திலேயே உள்ள முறை.

இதே கையோடு இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பிழை செய்தவளாவேன். காத்திருக்கக் கூடாத வேளை ஒன்றும் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தும் கருப்பைக்குள் ஒன்றும் தெரியவில்லை, அடிவயிற்றில் ஒரு பக்கம் கொல்லுகிற நோ, தலைசுற்று, மயக்கம், தோள்மூட்டில் நோ. இவை கரு குழாயில் தங்கி வெடிப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். வயிற்றுக்குள் இரத்தம் போகும். வெளியே தெரியாது. மாதவிடாய் வருகிற வயதுப் பெண்களுக்கு இடுப்புக்குழியில் கொஞ்சம் நீர் நிற்பது வழமைதான் என்றாலும், இந்த அடையாளங்களோடு நீர் தெரிந்தால் அது வழமை அல்ல. அப்படி வந்தால் வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டாம், பஸ் பார்த்துக்கொண்டும் நிற்க வேண்டாம். 1990 இற்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். காசு இல்லை.

இனி, சொல்ல வேண்டியவை. பிற ஊர்ப் பெண்ணுக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தால் அதன் கடதாசி அலுமாரியில் இருக்கும். எங்கள் கடதாசிகள் பங்கருக்குள்ளும் பாதையிலும் கிடந்து போயின. ஆகவே எங்கள் உடம்பில் எது இருக்கிறது, எது இல்லை என்பதற்கு எங்களைவிட வேறு பதிவேடு இல்லை. கருவியை வயிற்றில் வைக்கும் முன்பே சொல்லுங்கள். சிறுநீரகம் ஒன்று, அல்லது மண்ணீரல் எடுத்தது, குடலில் ஒரு துண்டு வெட்டியது, சிசேரியன், கர்ப்பப்பை எடுத்தது, எது என்றாலும். என்ன எடுத்தார்கள் என்றே தெரியாதா? தழும்பைக் காட்டி, "இஞ்ச செல் பட்டது, என்ன செய்தவை எண்டு தெரியாது" என்றாவது சொல்லுங்கள். அதுவும் தகவல்தான். மண்ணீரல் எடுத்தவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் அவர்களுக்கு அது சாதாரணக் காய்ச்சல் அல்ல, அன்றே டொக்டரிடம் போக வேண்டும். போட வேண்டிய தடுப்பூசிகளும் உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

உடம்பில் இன்னும் துண்டு இருக்கிறதே, ஸ்கான் எடுக்கலாமா என்று முன்பு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இந்த ஸ்கான் ஒலி. துண்டை அசைக்காது, சுடாது, தாராளமாக எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. என்பது வேறு, அது பெரிய காந்தம். அதற்கு அனுப்பினால் உள்ளே போக முன்பே துண்டு இருக்கிறது என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

அந்தச் சகோதரிக்குக் கிளினிக் நாள் வியாழக்கிழமை. நான் கூடப் போகவில்லை, போக முடியாத தூரம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் போயிருக்கிறார். பின்னேரம் அவரே அழைத்தார். அன்று பார்த்தது ஒரு பெண் டொக்டர். கட்டிலில் ஏறுமுன்பே, "டொக்டர், எனக்கு இடது கிட்னி இல்லை, 2009 இல எடுத்தது" என்று சொல்லிவிட்டாராம். "நல்லதாப் போச்சு சொன்னது" என்றாராம் டொக்டர். முழு ஸ்கானில் 12.6 செ.மீ. வந்தது. அன்றைக்கு 12.9, இன்றைக்கு 12.6. கை மாறினால் இலக்கம் மாறும் என்று சொன்னேனே. அடைப்பு இல்லை, வடிவும் நன்றாக இருக்கிறது. இரத்தப் பரிசோதனையும் சலப் பரிசோதனையும் சரி. பிரஷர்தான் கொஞ்சம் கூட. அதற்கு ஒரு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். நோக் குளிசையை நிறுத்தியாயிற்று.

"கொப்பியில எழுதித் தரச் சொல்லிக் கேட்டனான் அக்கா" என்றார். புதுக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், சிவப்புப் பேனையால், பெட்டி கட்டி எழுதிக் கொடுத்திருக்கிறாராம் டொக்டர்: 'இடது சிறுநீரகம் 2009 இல் அகற்றப்பட்டது.' கொப்பிக்கு மேலே மகளின் பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போட்ட பிளாஸ்ரிக் உறையில் மிஞ்சியதை வெட்டிப் போட்டிருக்கிறார், மழைக்கு நனையாமல்.